பீங்கான் சேகரிப்பும் மறைந்த கைகளும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

கலைவரலாறு என்றதும் கோயில், சிற்பம், ஓவியம் என்பனவே நமது நினைவுக்கு வருகின்றன. உண்ணவும் பருகவும் மனையை அழகு செய்யவும் பயன்பட்ட கலங்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிறுத்தப்படுகின்றன. ஆயினும் ஐரோப்பாவிற் கடந்த நான்கு நூற்றாண்டுகளாக மிகுந்த வேட்கையுடன் சேகரிக்கப்பட்ட பொருள்களுள் அலங்காரப் பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் முக்கிய இடமுண்டு. முதலில் அரசரும், பின்னர் வணிகரும் ஆலை முதலாளிகளும், இறுதியாக நடுத்தர வர்க்கத்தினரும் இவ்வேட்கைக்கு ஆட்பட்டனர். இதனைத் தனிமனித இரசனை என்றோ பொழுதுபோக்கு என்றோ கூறி அமைவாருளர். அவ்விளக்கம் போதாது. ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தினர், ஒரு குறிப்பிட்ட பொருளை ஏன் சேகரிக்கத் தொடங்குகின்றனர் என்ற வினாவுக்கு இரசனை விடையாகாது. இரசனையே விளக்கப்பட வேண்டியதொன்றாகும்.

இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படுவது இதுவே: சேகரிப்பு என்னும் செயல் பொருளைப் பேணுகின்றது, அதே வேளையில் அப்பொருளை ஆக்கிய உழைப்பைக் கண்ணுக்குப் புலப்படாததாக்குகின்றது. இவ்விரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள். பேணலைப் போற்றி மறைத்தலைக் காணாதுவிடுவது இரசனைவாதம். மறைத்தலைச் சாடிப் பேணலை இகழ்வது வரட்டுவாதம். வரலாற்று நோக்கு இரண்டையும் ஒருங்கே காண வேண்டும்.

2

'பீங்கான்' என்ற சொல்லே ஒரு வணிக ஆவணமாகும். கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லொன்றின் வழியாகத் தமிழுக்கு வந்தது அது. பொருள் சீனத்தது, பெயரோ அப்பொருள் கைமாறிய கடல்வழி வணிகத்தின் மொழிக்குரியது. காலியிற் கண்டெடுக்கப்பட்ட, 1409ஆம் ஆண்டு நாளிடப்பட்ட கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்டிருத்தல் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் 1977இல் வெளிப்பட்ட சீனக் கலங்கள் பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. ஆகவே, வஸ்கொடகாமா வருவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்து சமுத்திரத்திற் பீங்கான் ஒரு வணிகப் பண்டமாக இருந்தது என்பது தெளிவு.

அப்பண்டத்தின் தலையாய உற்பத்தி மையம் சீனத்தின் ஜிங்டெசென் நகரமாகும். அந்நகருக்கு அண்மையிலுள்ள காவ்லிங் என்னும் இடத்தின் பெயரே, பீங்கானுக்கு இன்றியமையாத வெண்களிமண்ணுக்குக் 'கயோலின்' என்று உலகெங்கும் வழங்கலாயிற்று. அக்களிமண்ணும் பீங்கான் கல்லின் தூளும் சேர்ந்து ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுடப்படும்போதே ஒளி ஊடுருவும் வன்கலம் பிறக்கின்றது. 1712இல் அந்நகரிலிருந்து கடிதமெழுதிய தந்திரக்கோல் என்னும் பிரெஞ்சு யேசுசபைத் துறவி, ஒரு கலம் முடிவதற்குள் எழுபது பேரின் கைகளினூடாகச் செல்வதாகக் கூறப்படுவதைப் பதிவு செய்தார். விளிம்பு வட்டத்தை வரைபவர் ஒருவர். பூவின் புறக்கோட்டை வரைபவர் இன்னொருவர். வண்ணம் நிரப்புபவர் வேறொருவர். அடம் ஸ்மித் 1776இல் குண்டூசித் தொழிலை உதாரணமாகக் காட்டி உழைப்புப் பிரிவினையை விளக்குவதற்கு 64 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட செய்தி இது. கீழைத்தேயக் கைவினைஞன் தனிமையில் அமர்ந்து தன் உள்ளத்து அழகைக் களிமண்ணில் வடித்தான் என்ற கற்பனை, பிற்காலச் சேகரிப்பாளரின் கற்பனையேயன்றி உற்பத்தியின் வரலாறன்று.

ஐரோப்பாவுக்கு இக்கலங்களைப் பெருந்தொகையாகக் கொண்டு சென்றோருள் ஒல்லாந்தர் முதன்மையானோர். 1603இற் சிங்கப்பூருக்கு அண்மையில் அவர்கள் கைப்பற்றிய 'சந்தா கத்தரீனா' என்னும் போர்த்துக்கேயக் கப்பலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பீங்கான் கலங்கள் இருந்தனவெனக் கூறப்படும். அவற்றின் ஏலம் அம்ஸ்ரடாமில் நிகழ்ந்தது. ஐரோப்பியப் பீங்கான் சந்தையின் தொடக்கக் கட்டங்களுள் ஒன்று கடற்கொள்ளைப் பொருளின் விற்பனையாக அமைந்தமை தற்செயலன்று. மூலதனத்தின் ஆதித்திரட்டலில் வணிகமும் கொள்ளையும் பிரித்தறிய முடியாதவாறு பின்னிக்கிடந்தன.

இவ்வணிகத்திற் பீங்கானின் இடம் யாது என்பதை இன்னொரு கப்பல் காட்டுகின்றது. 1752இல் தென்சீனக் கடலில் மூழ்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'கெல்டர்மால்சன்' என்ற கப்பலின் முக்கிய சரக்குத் தேயிலை. நீர்பட்டாலும் பழுதுறாத, கனமான பீங்கான் அதன் அடியில் அடுக்கப்பட்டிருந்தது. கப்பலிலிருந்த 112 பேரில் 32 பேரே உயிர்தப்பினர். தேயிலை கடலோடு போயிற்று, பீங்கான் எஞ்சிற்று. 1985இல் மீட்கப்பட்ட அக்கலங்கள் அடுத்த ஆண்டில் அம்ஸ்ரடாமில் ஏலமிடப்பட்டு ஏறத்தாழ ஒரு கோடி பவுண் ஈட்டின. முற்றிலும் சாதாரணமான ஏற்றுமதிக் கிண்ணங்கள் அவை. அவற்றின் புதிய விலையை நிருணயித்தது மூழ்கிய கப்பலின் கதையேயாகும்.

3

சக்சனி இளவரசரும் போலந்து மன்னருமான இரண்டாம் ஒகஸ்ரஸ் அரச சேகரிப்பாளருக்குத் தலைசிறந்த உதாரணம். தமது பீங்கான் வேட்கையைத் தாமே ஒரு நோயாகக் குறிப்பிட்டவர் அவர். 1733இல் அவர் இறந்தபோது அவரது சேகரிப்பில் 20,000க்கு மேற்பட்ட கலங்கள் இருந்தன. 1717இல் பிரசிய மன்னரிடமிருந்து 151 பீங்கான் கலங்களைப் பெறுவதற்காக அவர் 600 குதிரைப்படை வீரரைக் கைம்மாறாக அளித்தார். அவற்றுட் பெரிய சாடிகள் இன்றும் அப்படைவீரரின் பெயராலேயே வழங்கப்படுகின்றன. நிலமானிய அரசில் மனிதன் மன்னனின் உடைமை என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டும் ஆவணம் அரிது. சாடிகளுக்குப் பெயர் உண்டு; அவற்றுக்கு ஈடாக நின்ற அறுநூறு பேரின் பெயர்கள் கலைவரலாற்றில் இல்லை.

இதே அரசவையிலேதான் ஐரோப்பாவின் முதல் வன்பீங்கான் உருவாயிற்று. பொன் செய்ய வல்லவன் எனத் தன்னைக் கூறிக்கொண்ட பொட்கர் என்ற இளைஞனை ஒகஸ்ரஸ் 1701 முதற் காவலில் வைத்திருந்தார். அறிஞரான சிர்ன்ஹவுஸின் வழிகாட்டலிலும் பிரைபேர்க் சுரங்கத் தொழிலாளரின் துணையுடனும் நிகழ்ந்த சோதனைகளின் பயனாக 1708-1709இற் பீங்கானின் இரகசியம் அறியப்பட்டது. 1710இல் அரச உற்பத்திக்கூடம் நிறுவப்பட்டு மைசன் நகரின் கோட்டைக்குள் அமைக்கப்பட்டது. கோட்டையைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் அதன் அழகன்று. இரகசியத்தைக் காத்தற்கு மதில்கள் தேவைப்பட்டன. பொட்கர் 1719இல் தமது 37ஆவது வயதில் இறந்தார். அதற்குள்ளாகவே மைசனிலிருந்து தப்பியோடிய தொழிலாளரின் அறிவைக் கொண்டு வியன்னாவில் இன்னோர் உற்பத்திக்கூடம் தோன்றியிருந்தது.

இப்போட்டியின் விளைவே கலத்தின் அடியில் இடப்பட்ட குறி. சக்சனியின் அரச சின்னத்திலிருந்து எடுக்கப்பட்ட குறுக்கிட்ட இரு வாள்கள் 1720களில் மைசன் கலங்களின் அடிக்குறியாயின. சேகரிப்பாளன் கலத்தைக் கையிலெடுத்ததும் முதலிற் கவிழ்த்துப் பார்ப்பது இக்குறியையே. கெண்ட்லர் போன்ற ஓரிரு சிற்பிகளின் பெயர்கள் நமக்குத் தெரியும். மண் பிசைந்தோர், சூளையை மூட்டியோர், மெருகிட்டோர் ஆகியோரை அக்குறி சுட்டுவதில்லை. அது உடைமையாளனின் கையொப்பமாகும்.

4

மன்னனின் இரகசியத்தை முதலாளியின் பண்டமாக மாற்றிய நாடு இங்கிலாந்து. ஸ்ரபோட்ஷயரைச் சேர்ந்த குயவர் குடும்பத்திற் பிறந்த ஜொசையா வெட்ஜ்வுட் 1769இல் 'எற்றூரியா' என்ற தொழிற்சாலையைத் திறந்தார். மணியடித்து வேலை தொடங்குதல், ஒருவருக்கு ஒரே வேலையைப் பழக்குதல், தாமதத்துக்குத் தண்டம் விதித்தல் ஆகிய முறைகளை அவர் மட்பாண்டத் தொழிலிற் புகுத்தினார். பிழைவிடாத இயந்திரங்களாகத் தம் ஆட்களை மாற்றுவதே தமது நோக்கமெனக் கடிதமொன்றில் அவர் ஒளிவுமறைவின்றிக் குறிப்பிட்டார். அரசி பயன்படுத்திய கலம் என விளம்பரஞ்செய்து அதனை நடுத்தர வர்க்கத்தினருக்கு விற்கும் உத்தியிலும் அவர் முன்னோடி. அடிமை வணிகத்துக்கு எதிரான இயக்கத்துக்காக 1787இற் சிறு பதக்கங்களைச் செய்து வழங்கியவரும் அவரே. இவ்விரு வெட்ஜ்வுட்களும் ஒருவரே என்பதை உணர்தல் அவசியம். தாராண்மைவாதத்தின் மனிதாபிமானமும் தொழிற்சாலையின் ஒழுங்குமுறையும் ஒரே வர்க்கத்தின் இரு முகங்களாகவே வளர்ந்தன.

அத்தொழிலின் உடல்சார் விலை கொடியது. களிமண்ணை வெண்மையாக்கச் சேர்க்கப்பட்ட தீக்கல்லின் தூள் நுரையீரலிற் படிந்து மூச்சை அடைத்தது. அந்நோய்க்கு அப்பகுதியில் வழங்கிய பெயரிலேயே குயவன் இருந்தான். மெருகிற் கலந்த ஈயம் அதில் கலங்களைத் தோய்த்தெடுத்தோரின் கைகளைச் செயலிழக்கச் செய்தது. ஈயத்தோடு வேலை செய்த பெண்களிடையே கருச்சிதைவும் மிகுந்தது. தோர்ப், ஒலிவர் ஆகிய இருவரும் அரசாங்கத்துக்காக இதனை ஆராய்ந்தது 1898இலேயே. வார்ப்புகளைச் சுமந்துகொண்டு வெப்பமிகுந்த உலர்த்தும் அறைக்கும் வேலைமேசைக்குமிடையே நாள்முழுதும் ஓடியவர்கள் சிறுவர். மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் அரசாங்க விசாரணை அறிக்கையொன்றிலிருந்து வில்லியம் வுட் என்ற சிறுவனை அறிமுகப்படுத்துகின்றார். ஏழு வயதும் பத்து மாதமும் நிரம்பியபோது வேலைக்கு வந்த அவன், காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணிவரை இவ்வாறு ஓடினான். ஏழு வயதில் அதே வேலையைத் தொடங்கிய சார்ள்ஸ் ஷோ என்பவர் தமது இளமைக்கால அனுபவங்களை 1903இல் நூலாக்கினார். ஆர்னல்ட் பெனற் 1910இல் வெளியிட்ட 'கிளேஹாங்கர்' நாவலில் ஒரு சிறுவனின் முதல் வேலைநாளைச் சித்திரிப்பதற்கு அந்நூலே மூலமாயிற்று. ஆங்கில யதார்த்தவாத நாவலின் வலிமைமிக்க பகுதிகளுள் ஒன்று ஒரு தொழிலாளியின் நினைவிலிருந்து பிறந்தது என்பது இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டியதாகும்.

இங்கு ஓர் ஆண்டைச் சிறப்பாக நோக்குவோம். 1842இல் இயற்றப்பட்ட அலங்கார வடிவமைப்புச் சட்டம், பதிவு செய்யப்பட்ட கோலங்களைப் பிறர் பின்பற்றாவண்ணம் உற்பத்தியாளருக்குப் பாதுகாப்பளித்தது. அப்பதிவின் அடையாளமான சாய்சதுரக் குறி 1883 வரை இடப்பட்டது. கலத்தின் காலத்தை அறிதற்கு அது உதவுவதாற் சேகரிப்பாளர் அதனைப் பெரிதும் விரும்புவர். அதே 1842இன் ஓகஸ்ட் மாதத்தில் ஹான்லி, பர்ஸ்லம் நகரங்களில் சாசன இயக்கத்தினரும் வேலையற்ற தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தனர். படையினரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பு ஏற்பட்டது. ஸ்கிறிவன் என்ற அதிகாரி மட்பாண்டத் தொழிற் சிறுவரின் நிலையை நேரில் விசாரித்து முடித்திருந்த காலமும் அதுவே. ஆயினும் தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்பு அச்சிறுவருக்கு 1864இலேயே கிட்டியது. கலத்தின்மீது வரைந்த பூவைச் சட்டம் காத்தற்கும், கலத்தைச் சுமந்த குழந்தையைச் சட்டம் காத்தற்கும் இடைப்பட்ட காலம் 22 ஆண்டுகள். சாய்சதுரக் குறியை உருப்பெருக்கியினூடாகப் படிக்கும் சேகரிப்பாளன் இவ்விரண்டாவது ஆண்டையும் அறிந்திருப்பின், அவன் கையிலுள்ள கலம் வேறொரு பொருளாகிவிடும்.

5

சேகரிப்பாளரின் பக்கத்திலிருந்தும் இதனை நோக்கலாம். சார்ள்ஸ் லாம் 1823இல் எழுதிய 'பழைய பீங்கான்' என்னும் கட்டுரை ஆங்கிலக் கட்டுரை இலக்கியத்தின் சிறந்த படைப்புகளுள் ஒன்று. வறுமையில் ஒன்றை ஏங்கிப் பெற்ற இன்பம் வசதி வந்தபின் கிட்டுவதில்லை என்ற நுட்பமான உண்மையை அது உணர்த்துகின்றது. கிண்ணத்தின்மீதுள்ள நீலநிற மனிதரைப் பார்த்தவாறு தேநீர் அருந்தும் இருவரின் உரையாடலாக அமைந்தது அது. லாம் 1792 முதல் 1825 வரை கிழக்கிந்தியக் கம்பனியில் எழுதுவினைஞராகப் பணிபுரிந்தார். அவர் அருந்திய தேயிலையை இங்கிலாந்துக்குக் கொணரும் தனியுரிமை அக்கம்பனிக்கே இருந்தது. பகலெல்லாம் எந்த வணிகத்தின் கணக்கை எழுதினாரோ, அவ்வணிகத்தின் பொருளை மாலையிற் கனவாக நுகர்ந்தார். லாமின் நேர்மையை இதனால் நாம் ஐயுறவில்லை. பண்டம் தன் பிறப்பை எவ்வளவு முழுமையாக மறைத்துக்கொள்கிறது என்பதற்கு, அதன் கணக்காளனே அதனைக் கனவாகக் கண்டமை சான்றாகும் என்பதே நமது கருத்து.

இன்னொரு சான்று சார்லற் ஷ்ரைபர் சீமாட்டி. வேல்சின் இடைக்காலக் கதைகளை 'மபினோகியன்' என ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அறிஞர் அவர். உலகின் மிகப் பெரிய இரும்பாலைகளுள் ஒன்றான டவ்லேயின் உரிமையாளரை மணந்த அவர், கணவர் 1852இல் இறந்தபின் ஆலையைத் தாமே நடத்தினார். அடுத்த ஆண்டில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை உறுதியுடன் எதிர்த்து நின்றார். தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளை வளர்த்தவரும் அவரே. மறுமணத்தின் பின்னர் ஐரோப்பா முழுவதும் அலைந்து பீங்கான் தேடினார். 1884இல் ஏறத்தாழ 1,800 ஆங்கிலக் கலங்களை லண்டன் தென் கென்சிங்ரன் நூதனசாலைக்கு அன்பளிப்பாக வழங்கினார். அவரது உழைப்பின்றேல் அவற்றுட் பல அழிந்திருக்கும். ஆங்கிலப் பீங்கானைப் பற்றிய முறையான அறிவு அவருக்குப் பெரிதும் கடமைப்பட்டுள்ளது. அவ்வறிவுக்கு முதலாக இருந்தது வேல்சின் உலைக்களத்து உழைப்பு என்பதும் அதே அளவுக்கு உண்மை. இரும்பு உபரியாகியது, உபரி பீங்கானாகியது, பீங்கான் பண்பாடாகியது.

6

அரிய பொருள்களே சேகரிக்கப்படுகின்றன என்பது பொதுவான எண்ணம். வறியோரின் மலிவான அலங்காரப் பொருள்களும் பின்னர் சேகரிப்புப் பண்டங்களானமை இதனை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது. ஸ்ரபோட்ஷயரில் 1840கள் முதற் பெருந்தொகையாக வார்க்கப்பட்ட மட்பாண்ட உருவங்கள், குறிப்பாக அடுப்பங்கரைத் தட்டின் இருபுறமும் வைக்கப்பட்ட நாயிணைகள், தொழிலாளர் வீடுகளுக்குரியனவாயிருந்தன. பின்பக்கம் தட்டையாக விடப்பட்டமைக்குக் காரணம் சுவரை நோக்கிய பக்கத்திற் செலவிட வேண்டியதில்லை என்பதே.

கண்ணாடியிலும் இதே போக்கை அவதானிக்கலாம். அமெரிக்காவில் ரிபனி நிறுவனத்தின் விலையுயர்ந்த வானவில் மெருகுக் கண்ணாடிக்கு மாற்றாக, பென்ரன் நிறுவனம் 1907ஐ அண்டி அழுத்தி வார்த்த மலிவுக் கண்ணாடிக்கு அத்தகைய மெருகை ஏற்றியது. சந்தை தளர்ந்தபோது அது களியாட்ட விழாக்களிற் பரிசாகக் கொடுக்கப்பட்டது என்பர். 'காணிவல் கண்ணாடி' என்ற பெயர் அதனால் வந்தது. 1929இன் பெருமந்தத்தைத் தொடர்ந்து இயந்திரங்கள் வார்த்துத் தள்ளிய இளஞ்சிவப்பு, இளம்பச்சைத் தட்டுகள் தானியப் பெட்டிகளுக்குள்ளும் திரைப்பட அரங்குகளிலும் இலவசமாக வழங்கப்பட்டன. வேலையற்றோரின் மேசைக்கு வண்ணம் தந்த அத்தட்டுகளை 1960கள் முதற் சேகரிப்பாளர் தேடலாயினர். சேகரிப்புலகம் அவற்றுக்கு அளித்த பெயரே 'மந்தகாலக் கண்ணாடி' என்பதாகும். ஒரு பொருளாதார நெருக்கடி, ஓர் அழகியல் வகையின் பெயராயிற்று.

இக்கண்ணாடிக்கு முந்திய தலைமுறையின் நிலையை லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக் கலைஞர் 1908ஐ அடுத்த ஆண்டுகளிற் பதிவு செய்தார். நள்ளிரவில் உலைக்கருகில் நிற்கும் சிறுவர் அப்படங்களில் நம்மை நேராகப் பார்க்கின்றனர். கண்ணாடிப் பொருள்கள் அலுமாரியிலும் அப்படங்கள் ஆவணக்காப்பகத்திலும் உள்ளன. இரண்டையும் ஒரே இடத்திற் காணும் வாய்ப்பு அருமை.

மலிவுப் பொருள் அரிய பொருளாவதெங்ஙனம்? விடை எளியது. அவை நாளும் புழங்கி உடைந்தன. நூற்றில் ஒன்று எஞ்சுவதாலேயே அதற்கு விலையேறுகின்றது. எனவே அருமை என்பது கலத்தின் உள்ளார்ந்த இயல்பன்று. உடைந்துபோன ஏனைய கலங்களின் வரலாறே அருமையாக வெளிப்படுகின்றது. சேகரிப்பாளர் சிறு கீறலுமற்ற கலத்துக்கு மிகுந்த விலை தருவர். கீறலற்ற கலம் என்பது பெரும்பாலும் பயன்படாத கலம். மனிதர் கைபட்ட தடயம் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு விலை கூடுகின்றது. பயன்மதிப்பை முற்றாக உதறியபின்னரே பண்டம் சேகரிப்புலகிற் பூரணத்துவம் அடைகின்றது.

7

ஆகவே முற்போக்காளர் இப்பொருள்களை எவ்வாறு அணுக வேண்டும்? ஆளும் வர்க்கத்தின் ஆடம்பரமெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அக்கலங்களின் அழகை ஆக்கியவன் மன்னனல்லன், தொழிலாளியே. அவற்றை இகழ்வது அவனது திறனை இரண்டாம் முறையும் பறிப்பதாகும். எட்வர்ட் பூக்ஸ் என்ற ஜேர்மானிய மார்க்சியர் ஒரு பெருஞ் சேகரிப்பாளர். சீனக் கைவினைஞரின் கூரை உருவங்களைப் பற்றியும் நூலெழுதியவர். அவரைப் பற்றி 1937இல் எழுதிய வோல்ரர் பென்ஜமின், பண்பாட்டுச் செல்வங்கள் மேதைகளுக்கு மட்டுமன்றி, பெயரறியாத மக்களின் கடும் உழைப்புக்கும் கடமைப்பட்டவை என்பதை வற்புறுத்தினார். அழகு வர்க்கங் கடந்ததென்பாருக்கும் அழகே பொய்யென்பாருக்கும் இதுவே நமது விடையுமாகும். உழைப்பை அறிந்தபின் அழகு குறைவதில்லை. அது யாருடைய அழகென்பது தெளிவாகின்றது.

இதிலிருந்து ஒரு நடைமுறைக் கோரிக்கையும் பிறக்கின்றது. நூதனசாலைகளின் விவரப்பட்டியல்கள் நிறுவனம், குறி, ஆண்டு, உடைமையாளர் வரிசை ஆகியவற்றைப் பதிகின்றன. செய்முறை, வேலைப்பிரிவு, கூலி, நோய் ஆகியனவும் அங்கே பதியப்படல் வேண்டும். அவற்றுக்கான சான்றுகள் விசாரணை அறிக்கைகளிலும் தொழிலாளரின் நினைவுக்குறிப்புகளிலும் உள்ளன. இது கடந்தகாலத்துக்கு மட்டும் உரிய விடயமன்று. குஜராத்தின் மட்பாண்டத் தொழிலாளரை சிலிக்காத் தூசின் நோய் இன்றும் வாட்டுகின்றது.

ஈழத்தவராகிய நமக்கு இப்பொருளில் இன்னொரு தொடர்பும் உண்டு. மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தை வெளியிட்ட 1867இலேதான் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்திற் தேயிலையைப் பயிரிட்டார். அதன்பின் பெருகிய பெருந்தோட்டங்களிற் கொழுந்து பறித்தோர் தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கொணரப்பட்டோர். அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஒரு தேநீர்க் கிண்ணத்தில் இரு தொழிலாளரின் உழைப்பு சந்தித்தது: கிண்ணத்தை ஆக்கிய ஸ்ரபோட்ஷயர் தொழிலாளியினதும், அதில் ஊற்றப்பட்டதை ஆக்கிய மலையகத் தொழிலாளியினதும். ஒருவரையொருவர் அவர்கள் அறியார். அருந்தியவரும் இருவரையும் அறியார். தேநீர் அருந்தி முடிந்தது. கிண்ணம் எஞ்சி அலுமாரியில் ஏறியது. அதனைக் கவிழ்த்து அடிக்குறியைப் படிப்பவர் அங்கே எழுதப்படாத இவ்விரு பெயர்களையும் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொள்ளும்போதே சேகரிப்பு வரலாற்றறிவாக உயரும்.